பழைய புல்லட்டை மதிப்பிட்டு வாங்குதல்

பழைய புல்லட்டை மதிப்பிட்டு வாங்குதல் என்பது, பிறர் பயன்படுத்திய ராயல் என்ஃபீல்டு புல்லட் வகை மோட்டார் சைக்கிளை நெடும்பயணத்துக்காக வாங்க நினைப்பவர், அது கேட்கும் விலைக்குத் தகுமா என்று முடிவு செய்யும் முறையாகும். தமிழ்நாட்டில் தயாராகும் வண்டி என்பதாலும், உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைப்பதாலும், கிராமங்களில் தலைமுறை கடந்து நிற்பதாலும், நெடும்பயணத்துக்குப் பழைய வண்டி தேடுவோர் பலர் முதலில் நாடுவது புல்லட்டையே.

இம்முடிவில் பார்க்க வேண்டியவை மூன்று: ஆவணம், சட்டகம், என்ஜின். இதே வரிசையில் பார்ப்பது முக்கியம். தேய்ந்த என்ஜினைப் பணம் செலவிட்டுப் புதுப்பிக்கலாம். விபத்தில் வளைந்த சட்டகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். பதிவுச் சான்றில் உள்ள சிக்கலோ பெரும்பாலும் வாங்கியவர் கையில் தீர்வதில்லை. ஆனால் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். வண்டியின் ஓசையைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்த பிறகே ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கின்றனர்.

வரலாற்றுப் பின்னணி

புல்லட் என்னும் பெயர் 1932 முதல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தயாரான ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கு வழங்கியது. 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 350 சி.சி. புல்லட் தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பொருத்திய தொழிற்சாலை, 1960களில் அனைத்துப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கியது. 1990களில் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்குச் சென்றது. பின்னர் 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின.

அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் இருந்ததால், 1970களின் வண்டிக்கும் 1990களின் வண்டிக்கும் பொதுவான பாகங்கள் பல உள்ளன. பழைய புல்லட் இன்னும் சாலையில் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய வண்டிகளில் இதற்குப் போட்டியாகக் கருதப்படும் யெஸ்டி, மைசூரில் இயங்கிய ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டதோடு நின்றது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 350 சில ஆண்டுகளே விற்பனையில் இருந்தது. இவ்விரண்டும் இன்று பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் வண்டிகளாகவே விலை பேசப்படுகின்றன.

என்ஜின் வகைகள்

பழைய புல்லட் என்று பொதுவாகச் சொன்னாலும், விற்பனைக்கு வருபவை மூன்று வெவ்வேறு என்ஜின் வகைகளைச் சேர்ந்தவை. எந்த வகை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுவது பொருள் உடையது.

வார்ப்பிரும்பு என்ஜின்: திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான மூல வகை. 346 சி.சி. அளவு, சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் நீளம் 90 மி.மீ. என்ஜினும் கியர் பெட்டியும் தனித்தனியாக இருக்கும். நான்கு கியர்கள். கியர் வலது காலிலும் பின்பிரேக் இடது காலிலும் அமைந்திருக்கும். பல வண்டிகளில் பிளாட்டினம் பாயின்ட் வழியாகவே தீப்பொறி கிடைக்கும். உதைத்துத்தான் இயக்க வேண்டும். மணிக்கு 60 முதல் 70 கி.மீ. வேகத்தில் நாள் முழுதும் ஓடக்கூடியது. அதற்கு மேல் நெடுநேரம் விரட்டினால் தாங்காது.

ஏ.வி.எல். என்ஜின்: அலுமினிய உருளை கொண்டது. 2002இல் வந்த தண்டர்பேர்டு இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. ஐந்து கியர்கள். இரும்பு என்ஜினைவிட எரிபொருள் சிக்கனம் உண்டு. குறைந்த காலமே தயாரானதால், இதற்கே உரிய சில பாகங்களைத் தேட வேண்டியிருக்கும்.

யு.சி.இ. என்ஜின்: என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த வகை. 2009 முதல் வெளிவந்த தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க், கிளாசிக் 350, கிளாசிக் 500 ஆகியவை இதைச் சேர்ந்தவை. பட்டன் ஸ்டார்ட், இடது கால் கியர் ஆகியவை உண்டு. ஆயில் ஒழுக்கு மிகக் குறைவு. நிறுவனத்தின் சேவை மையங்களிலேயே பாகங்கள் கிடைக்கும்.

இவற்றோடு டீசலில் ஓடிய டாரஸ் என்னும் வகையும் இருந்தது. அது 2000ஆம் ஆண்டையொட்டி நிறுத்தப்பட்டது. எரிபொருள் செலவுக்காக அக்காலத்தில் விரும்பப்பட்டாலும், வேகம் மிகக் குறைவு என்பதால் நெடும்பயணத்துக்கு ஏற்றதன்று.

இயந்திரத்தைத் தானே பழுதுபார்க்கும் ஆர்வமில்லாமல், பயணம் மட்டுமே நோக்கமாக உள்ளவருக்கு யு.சி.இ. வகையே பொருந்தும். வார ஓய்வில் கையில் கரி படிய வேலை செய்வதை மகிழ்ச்சியாகக் கொள்பவருக்கு இரும்பு என்ஜின் ஏமாற்றம் தராது.

ஆவணச் சோதனை

பெயரும் எண்ணும்

பதிவுச் சான்றில் உள்ள என்ஜின் எண்ணும் சட்டக எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப்போக வேண்டும். எண் பொறித்த இடத்தில் அரம் போட்ட தடமோ, ஒட்டுப் பற்றவைப்போ, அந்த இடத்தில் மட்டும் தடித்த பெயின்ட்டோ இருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

பழைய புல்லட்களில் என்ஜின் மாற்றப்பட்டிருப்பது அரிதன்று. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் என்ஜினும், 350க்கு 500 சி.சி. என்ஜினும் பொருத்தியவை உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. மாற்றம் பதிவுச் சான்றில் முறையாக ஏறியிருக்க வேண்டும்.

விற்பவரே உரிமையாளரா என்பது அடுத்த கேள்வி. கிராமங்களில் விற்பனைக்கு வரும் பழைய புல்லட் பல, மறைந்த தந்தை அல்லது தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். அப்படியானால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் படிவம் 31 கொடுத்து, முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே விற்பனை. வாரிசுகள் பலர் இருந்தால் மற்றவர்களின் ஒப்புதலும் தேவைப்படும். "அப்பா கையெழுத்து போட்ட படிவம் இருக்கிறது" என்று விற்பவர் சொல்வதை நம்பி முன்பணம் தருவது ஆபத்தானது.

பெயர் மாற்றம்

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியன தேவை. கடனில் வாங்கிய வண்டியானால், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35உம் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கடன் அடைந்து பல ஆண்டுகள் ஆகியும், பதிவுச் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாமல் இருக்கும் வண்டிகள் உண்டு. அந்த நிறுவனமே மூடப்பட்டிருந்தால் சான்று பெறுவது பெரும்பாடு. இதை விற்பவர் தீர்த்துத் தர வேண்டுமே தவிர, வாங்குபவர் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் நடந்த விற்பனையை விற்றவர் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் வண்டியை ஓட்டுவது விற்றவருக்கும் கேடு. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே, விபத்து இழப்பீட்டைப் பொறுத்தவரை உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி பல கைகள் மாறியிருந்தும், பொறுப்பு பதிவேட்டில் இருந்தவரையே சேர்ந்தது. கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பவர், பின்னாளில் யாரோ ஏற்படுத்திய விபத்துக்கு இழப்பீடு செலுத்த நேரலாம்.

பதினைந்து ஆண்டு வரம்பு

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின் படிவம் 25 கொடுத்து, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2011 ஜூன் மாதம் பதிவான வண்டிக்கு 2026 ஜூன் மாதத்தில் பதிவு முடிகிறது. அதை 2026 தொடக்கத்தில் வாங்குபவர், புதுப்பித்தல் செலவையும் அலைச்சலையும் சேர்த்தே வாங்குகிறார்.

இரு சக்கர வண்டிகளுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 15 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. தாமதமானால் கூடுதல் கட்டணம் சேரும்.

ஆய்வின்போது மாற்றப்பட்ட சைலன்சர், இல்லாத இண்டிகேட்டர், எரியாத பின்விளக்கு, அகற்றப்பட்ட சேறுகாப்பு ஆகியவை வண்டியைத் திருப்பி அனுப்பக் காரணமாகும். ஆகவே அழகுக்காக வெட்டி மாற்றிய வண்டியைவிட, மூல வடிவில் உள்ள மங்கிய வண்டியே மதிப்பு மிக்கது.

இணையப் பதிவேடும் பழைய எண்களும்

நடுவண் அரசின் பரிவாகன் இணையதளத்திலோ செயலியிலோ வண்டியின் பதிவு நாள், காப்பீடு, கடன் விவரம், நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பழைய வண்டிகளின் விவரம் சில வேளை இணையப் பதிவேட்டில் ஏறியிருக்காது. அப்போது பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை ஏற்றிய பிறகே பெயர் மாற்றம் நடக்கும். இதையும் விற்பவர் முடித்துத் தருவதே முறை.

வெளிமாநில வண்டிகளுக்குப் படிவம் 28 வழியாகப் பெற்ற தடையின்மைச் சான்று கட்டாயம் வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும்; வரியும் செலுத்த வேண்டும். டெல்லியில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகளை ஓட்டத் தடை உள்ளது. அங்கிருந்து மலிவு விலையில் வரும் வண்டியின் உண்மை விலை, இந்தச் செலவுகளையும் கூட்டிய பிறகே தெரியும்.

படைத்துறை, காவல்துறை ஏலத்தில் எடுத்த வண்டி என்று சொல்லப்பட்டால், ஏலச் சான்றும் அதன் அடிப்படையில் செய்த பதிவும் இருக்க வேண்டும். வாய்மொழி போதாது.

சட்டகமும் அடிப்பாகமும்

வண்டியை நடுநிறுத்தியில் நிறுத்தி, பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஐயம் இருந்தால், கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இரு பக்கமும் நூல் பிடித்துப் பார்க்கலாம். இரு பக்க இடைவெளியும் ஒன்றாக இல்லாவிட்டால் சட்டகமோ ஃபோர்க்கோ வளைந்திருக்கலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை:

- சட்டகக் குழாய்கள் சேரும் இடங்களில் விரிசல் அல்லது புதிய வெல்டிங்.
- முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் தட்டி நிற்றல். இது கழுத்துப் பகுதி பேரிங் தேய்ந்ததன் அடையாளம்.
- பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம். ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது சக்கர பேரிங் தேய்ந்திருக்கலாம்.
- முன் ஃபோர்க் குழாயில் துருக் குழிகள், ஆயில் கசிவு.
- ரிம்மில் துரு, தளர்ந்த கம்பிகள்.
- டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. பூ நன்றாக இருந்தாலும் ஆறேழு ஆண்டுகளைக் கடந்த டயரை நெடும்பயணத்துக்கு நம்பக் கூடாது.

கிலோமீட்டர் காட்டும் கருவியைப் பழைய புல்லட்டில் சான்றாகக் கொள்ள இயலாது. கேபிளைக் கழற்றினாலே எண் நின்றுவிடும். கால்மிதி ரப்பரின் தேய்வு, பிரேக் மிதியின் பளபளப்பு, கியர் நெம்புகோலின் ஆட்டம் ஆகியவை அந்த எண்ணைவிட உண்மை பேசும்.

என்ஜின் சோதனை

குளிர்ந்த நிலையில்

வாங்குபவர் வரும் முன்பே வண்டியைச் சூடாக்கி வைப்பது விற்பவர்களின் பழைய உத்தி. ஆகவே போனவுடன் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், வேறொரு நாள் காலையில் வருவது நல்லது.

இரும்பு என்ஜினில் சாவியைத் திருப்பாமல், கிக்கரை மெல்ல மிதித்துக் கம்ப்ரஷன் வரும் இடத்தில் உடல் எடையைத் தாங்கவிட வேண்டும். நல்ல என்ஜினில் கிக்கர் சற்று நேரம் தாங்கி நின்று மெதுவாக இறங்கும். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் பிஸ்டன் ரிங், சிலிண்டர், வால்வு ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கிறது. டிகம்ப்ரஸரைச் சரியாகப் பயன்படுத்தினால் நல்ல புல்லட் இரண்டு மூன்று உதையில் பிடித்துக்கொள்ளும்.

புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். நாள்கணக்கில் நின்ற இரும்பு என்ஜின், இயக்கியவுடன் சிறிது நீலப் புகை விடுவது இயல்பு. ஆயில் தொட்டியிலிருந்து அடிப்பகுதிக்கு வடிந்து தேங்கியதே காரணம். சில நிமிடங்களில் அது நின்றுவிட வேண்டும். முறுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங் தேய்ந்தது. முறுக்கை விட்டதும் வந்தால் வால்வு கைடு தேய்ந்தது. கரும்புகை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் மிகுதி. இது சிறிய குறை.

ஆயிலை ஒரு துளி எடுத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது உலோகத் துகள் மின்னினால் உள்ளே பெரிய தேய்வு இருக்கிறது. பால் கலந்த நிறம் தெரிந்தால் நீர் புகுந்திருக்கிறது.

ஓசை

புல்லட்டின் ஓசையில் மயங்காமல் அதைப் பிரித்துக் கேட்க வேண்டும். மேல்பகுதியில் மெல்லிய டிக் டிக் ஓசை டேப்பெட் இடைவெளியால் வருவது. சரிசெய்ய அதிகச் செலவில்லை. குளிரில் கேட்டுச் சூடானதும் குறையும் தட்டல், பிஸ்டன் தளர்ந்ததைக் காட்டும். சுமையோடு முறுக்கும்போது அடிப்பகுதியிலிருந்து வரும் கனத்த டக் டக் ஓசை, கனெக்டிங் ராடின் அடி பேரிங்கைச் சுட்டும். அதற்கு என்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும். இந்த ஓசை உள்ள வண்டியை ஓடாத வண்டியின் விலைக்கே கேட்க வேண்டும்.

யு.சி.இ. வண்டிகளில் பட்டன் ஸ்டார்ட்டை அழுத்தும்போது கரகரவென்றோ, வழுக்கிச் சுழல்வது போலவோ ஓசை வந்தால் ஸ்பிராக் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். இது இவ்வகையில் பலரும் அறிந்த குறை.

சோதனை ஓட்டம்

தெருமுனை வரை போய்த் திரும்புவது நெடும்பயண வண்டிக்கான சோதனை ஆகாது. ஐந்து நிமிடம் நன்றாக ஓடும் வண்டி, நாற்பதாவது நிமிடத்தில் சூடேறித் தன் குறைகளைக் காட்டும். குறைந்தது ஒரு மணி நேரம், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, சூடான பிறகு கிளட்ச் வழுக்குதல். மேல் கியரில் முறுக்கும்போது என்ஜின் ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது.

இரண்டாவது, கியர் தானாக நழுவுதல். ஒவ்வொரு கியரிலும் முறுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பிரேக். பழைய புல்லட்டின் டிரம் பிரேக் இன்றைய டிஸ்க் பிரேக்கோடு ஒப்பிட முடியாதது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது 2018, 2019 ஆகிய ஆண்டுகளில்தான். அதற்கு முன் வந்த வண்டியில் பயணம் செய்பவர், நிறுத்தும் தூரம் மிகுதி என்பதை உணர்ந்தே வேகத்தைத் தேர வேண்டும்.

நான்காவதே பலர் விட்டுவிடும் சோதனை. ஓட்டம் முடிந்ததும் என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்க வேண்டும். சூட்டில் பிடிக்க மறுக்கும் வண்டியில் தீப்பொறிச் சுருளோ கண்டென்சரோ பழுதாகியிருக்கலாம். ஊரை விட்டு வெகுதூரத்தில் ஒரு தேநீர்க் கடை வாசலில் வண்டி நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

வலது கால் கியர் உள்ள வண்டிகளில் தனி எச்சரிக்கை தேவை. இடது கால் கியருக்குப் பழகியவர் அவசரத்தில் வலது காலை அழுத்தினால், அங்கே பிரேக் இராது, கியர்தான் இருக்கும். போக்குவரத்து இல்லாத திடலில் சில நாள் பழகிய பிறகே நெடுஞ்சாலைக்குச் செல்ல வேண்டும்.

செந்துறை வட்டாரத்தில் வாங்கும்போது

அரியலூர் மாவட்டத்தின் வட்டத் தலைமையிடமான செந்துறையைச் சுற்றிய பகுதி சுண்ணாம்புக்கல் நிலம். ஆலத்தியூர், தளவாய் ஆகிய இடங்களில் சிமென்ட் ஆலைகள் உள்ளன. சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலைகளில் நுண்ணிய தூசு மிகுதி. இப்பகுதியிலேயே ஓடிய வண்டியை வாங்கும்போது காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்தால் தூசு ஒட்டக் கூடாது. ஒட்டினால், அத்தூசு சிலிண்டருக்குள்ளும் சென்றிருக்கிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் வயதுக்கு மீறித் தேய்ந்திருக்கும் என்று கொள்ளலாம். செயினும் ஸ்பிராக்கெட்டும் அப்படியே.

மறுபுறம், திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டிகளும் விற்பனைக்கு வரும். ஓடாததால் தேயாதது என்பது பாதி உண்மையே. பெட்ரோல் தொட்டியின் உட்புறத் துரு, கார்புரேட்டரில் படிந்த பிசின், எலி கடித்த வயர்கள், ஒட்டிக்கொண்ட பிரேக், காய்ந்து வெடித்த ரப்பர்கள் ஆகியவை இவற்றில் எதிர்பார்க்க வேண்டியவை.

பதிவெண்ணிலும் இவ்வட்டார வரலாறு தெரியும். அரியலூர் மாவட்டம் 2007 நவம்பரில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து நிலைபெற்றது. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. எனவே அரியலூரின் டிஎன் 61 எண் மட்டுமின்றி, பெரம்பலூரின் டிஎன் 46, திருச்சியின் டிஎன் 45 ஆகிய எண்களில் உள்ள பழைய வண்டிகளும் இங்கு இயல்பாகக் காணப்படும். இவற்றில் ஐயப்பட ஏதுமில்லை. ஆனால் பழைய பதிவேட்டில் ஏதேனும் திருத்த வேண்டியிருந்தால் எந்த அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

சோதனை ஓட்டத்துக்கு இப்பகுதி சமதரையானது. செந்துறையிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் சென்று திரும்பினால் சூட்டுச் சோதனைக்குப் போதும். வேகத்தில் அதிர்வைப் பார்க்கப் பெரம்பலூர் வழியாகச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை ஏற்றது. ஏற்றத்தில் இழுவையைப் பார்க்க விரும்புவோர் பச்சைமலைக்குச் செல்ல வேண்டியிருக்கும். இரும்பு என்ஜினுக்கான பாகங்கள் திருச்சியில் கிடைக்கின்றன. அங்குக் கிடைக்காதவற்றைச் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம்.

செலவுக் கணக்கு

கேட்கும் விலையிலிருந்து பேரம் பேசி இறங்குவதைவிட, நல்ல நிலையில் உள்ள அதே வகை வண்டியின் விலையிலிருந்து கணக்கிட்டு இறங்குவது தெளிவானது. கீழே உள்ளவை கணக்கு முறையைக் காட்டும் எடுத்துக்காட்டுத் தொகைகள் மட்டுமே. உண்மைத் தொகைகளை உள்ளூர் மெக்கானிக்கிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.

- குறையில்லாத அதே ஆண்டு வண்டியின் சந்தை விலை: 1,05,000 ரூபாய்
- சிலிண்டர் போர் போட்டுப் புதிய பிஸ்டன்: 12,000
- இரண்டு டயர்கள்: 7,000
- செயின், ஸ்பிராக்கெட்: 2,500
- கிளட்ச் பிளேட்: 2,500
- பேட்டரி, வயரிங்: 4,000
- பதிவுப் புதுப்பித்தல், பெயர் மாற்றம், காப்பீடு: 5,000
- செலவுகளின் கூட்டுத்தொகை: 33,000
- மீதி: 72,000
- கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்காக ஒதுக்குவது: 7,000
- வாங்குபவர் தரக்கூடிய உச்ச விலை: 65,000

விற்பவர் 80,000 ரூபாய்க்குக் கீழ் இறங்க மறுத்தால், அந்த வண்டி வாங்குபவருக்கு 15,000 ரூபாய் நட்டம். இத்தொகையை ஆசையின் விலை என்று தெரிந்தே தருபவர் தரலாம். தெரியாமல் தருவதுதான் ஏமாற்றம்.

காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணப்படி, 150 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 1,366 ரூபாய், 350 சி.சி.க்கு மேல் 2,804 ரூபாய். 346 சி.சி. புல்லட் முதல் பிரிவில் அடங்கும். 499 சி.சி. கிளாசிக்கும் 411 சி.சி. ஹிமாலயனும் இரண்டாம் பிரிவில் சேரும்.

எரிபொருளையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. அதற்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டர் வாஷர்களும் விரைவில் கெடக்கூடும். வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

முடிவு செய்தல்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியைத் தவிர்ப்பதே பொருத்தம்:

- எண்கள் ஒத்துப்போகாமை அல்லது எண் பொறித்த இடத்தில் கைவைத்த தடம்.
- பதிவில் உள்ள உரிமையாளரோ அவருடைய வாரிசோ நேரில் வர மறுத்தல்.
- சட்டக விரிசல் அல்லது வளைவு.
- பதிவு முடிந்து நெடுங்காலம் ஆகியும் புதுப்பிக்காமல் விற்க முயலுதல்.
- சோதனை ஓட்டத்துக்கு மறுத்தல்.

ஆயில் ஒழுக்கு, டேப்பெட் ஓசை, மங்கிய பெயின்ட், கிழிந்த இருக்கை, பழைய டயர், பலவீனமான பேட்டரி ஆகியவை விலையைக் குறைக்கக் காரணங்களே. வண்டியை மறுக்கக் காரணங்கள் அல்ல. ஒரே உரிமையாளரிடம் இருந்து, ஆவணம் ஒழுங்காக உள்ள, மங்கிப்போன வண்டி, மூன்று கை மாறிப் புதுப் பெயின்ட் அடித்த வண்டியைவிட எப்போதும் மேலானது.

வாங்கிய பிறகு

பணத்தை முழுதாகத் தரும் முன் படிவங்களில் கையெழுத்து, உரிமையாளரின் அடையாளச் சான்று நகல், விற்பனை நாளும் நேரமும் எழுதிய ரசீது ஆகியவற்றைப் பெற வேண்டும். நேரம் குறிப்பது முக்கியம். அன்று காலை நடந்த விபத்துக்கு மாலையில் வாங்கியவர் பதில் சொல்ல நேராதிருக்க அது உதவும். காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் நெடும்பயணத்துக்கு முன் என்ஜின் ஆயில், கியர் பெட்டி ஆயில், ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, பெட்ரோல் குழாய், பிரேக் ஷூ, எல்லாக் கேபிள்கள் ஆகியவற்றை மாற்றிவிடுவது நல்லது. பிறகு ஒரு மாதம் வீட்டிலிருந்து 50 கி.மீ. சுற்றளவுக்குள் ஓட்டி, தளரும் நட்டுகளையும் ஒழுகும் இடங்களையும் குறித்து வைத்துச் சரிசெய்ய வேண்டும். பயணப் பையில் கூடுதல் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், ட்யூப், செயின் இணைப்பு ஆகியவையும், பாயின்ட் உள்ள வண்டியானால் ஒரு கண்டென்சரும் இருக்க வேண்டும்.